புள்ளி ஆறு ஆள்

வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்குப் படிவம் மூடும்.
இன்று வியாழன், இரவு ஏழு.
தேவாலயத்தின் பின்னறையில்
ஹீட்டர் ஒன்று, நாற்காலி ஐந்து, நாங்கள் நால்வர்.
ஐந்தாவதில் ஒரு குதிரைப் போர்வை
ஈரத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

அதற்காகத்தான் இவ்வளவும்.
வேல்ஸின் இந்த மேட்டு நிலத்தில்
வீட்டுக்கு இரண்டு குதிரை, குதிரைக்கு மூன்று போர்வை.
சேறும் சாணமும் மயிரும் ஏறிய அதை
வீட்டு மெஷினில் போட்டால் மெஷின் சாகும்.
கெதினுடையது செத்தது;
அவன் மனைவி ஒரு வாரம் பேசவில்லை.
முப்பது கிலோ கொள்ளும் சலவை இயந்திரம்,
உலர்த்தி, வடிகாலில் மயிர் பிடிக்க ஒரு வலை:
இருபத்தொன்பதாயிரத்து நானூறு பவுண்டு.

கேள்வி ஒன்பது: எத்தனை வேலைகள் உருவாகும்?
முழுநேர ஆட்களாகக் கணக்கிட்டு எழுதவும்.
வாரம் இருபத்திரண்டு மணி நேரம், என்றான் இட்வல்.
முப்பத்தேழால் வகுத்தேன்.
புள்ளி ஆறு.
அரைக்கு மேல், முக்காலுக்குக் கீழ் ஓர் ஆள்.
அது யாரென்று நால்வருக்கும் தெரியும்.
பாலாடைக்கட்டி ஆலை மூடியதிலிருந்து
நகரத்துப் பேருந்துக்கு ஐந்து மணிக்கு எழும் கார்வென்.
கால் ஆள் என்றாலாவது நடந்து வந்துவிடுவாள்,
புள்ளி ஆறு எதில் ஏறி வரும்?

கேள்வி பதினொன்று: மூன்று விலைப்புள்ளிகள்.
இந்த நாட்டில் இதை விற்பவர்கள் இருவரே.
மூன்றாமவர் டென்மார்க்கில்.
அன்பாகப் பதில் போட்டார், குரோனாவில்.

கேள்வி பதின்மூன்று: உங்கள் பங்கு என்ன?
சூப் விருந்தில் சேர்ந்த நானூற்றுப் பன்னிரண்டு.
இட்வலின் மண்வெட்டி இயந்திரம், இரண்டு நாள்;
வாடகை கொடுத்ததுபோல் எழுதலாமாம்.
என் இரவுகளை எழுதக் கட்டம் இல்லை.

கேள்வி பதினான்கு:
மானியம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்?

ஹீட்டர் மட்டும் முனகியது.
எப்படியும் செய்வோம் என்றால்
அப்புறம் எங்கள் பணம் எதற்கு என்பார்கள்.
முடியவே முடியாது என்றால்
முடியாதவர்களிடம் எப்படிக் கொடுப்பது என்பார்கள்.
கடன் கேட்கப் போகிறவன்
நல்ல சட்டை போடுவதா, கிழிந்ததைப் போடுவதா?

எழுதி வைத்திருந்ததைப் படித்தேன்.
'இளைஞர்கள் வெளியேறுவர். பள்ளி மூடப்படும்.
சமூகம் படிப்படியாக அழியும்.'

டெக்வென் கண்ணாடியைக் கழற்றினாள்.
யார் அழிகிறது?
செவ்வாய் இரவு ரெட்டைக் கன்று இழுத்துப் போட்டேன்.
போன சனிக்கிழமை இதே அறையில்
பிங்பாங் ஆட வரிசையில் நின்றவர்கள் இருபத்தாறு பேர்.
காசுக்காக என்னைச் சாகடிக்காதே, நெரிஸ்.

அழியும் என்பதை அழித்தேன்.
'மானியம் இல்லையென்றால் ஆறு வருடம் ஆகும்.
கார்வென் ஆறு வருடம் காத்திருக்க மாட்டாள்.'
இருநூற்றைம்பது சொல்லுக்கு இடம் விட்டிருந்தார்கள்.
பத்தோடு எழுந்துவிட்டோம்.

காலையில் இணையம் இல்லை. மழை.
மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு
மேட்டில் அலைவரிசை நிற்கும் அந்த ஒரே வாயிலுக்கு
வண்டியை விரட்டினேன்.
வழியில் செம்மறிகள், அவசரம் அறியாதவை.
பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு
தொண்ணூற்று நான்கு சதவீதத்தில் நின்ற பட்டை
ஒரு முறை மூச்சு வாங்கி
மிச்சத்தையும் விழுங்கியது.

பதினாறு வாரம் கழித்துக் கடிதம்.
ஒப்புதல்.
கீழே, சிறிய எழுத்தில்:
முழுத் தொகையையும் முதலில் நீங்கள் செலவழிக்கவும்;
பிறகு ரசீதுகளோடு கேட்கவும்.
இட்வல் மூன்று முறை படித்தான்.
இருந்தால்தான் கொடுப்பார்களா, என்று கேட்டுவிட்டு
தன் டிராக்டரின் விலையை
காகிதத்தின் ஓரத்தில் எழுதத் தொடங்கினான்.
டெக்வென் அதன் கீழே இரண்டு கிடேரிகளை எழுதினாள்.
கெதின் மனைவியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு
கார்வென் வந்தாள், முழு ஆளாக,
பேருந்தின் குளிரோடு.
ஐந்தாவது நாற்காலியிலிருந்து
அந்தப் போர்வையையோ அதன் தம்பியையோ தூக்கித்
தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

நாற்காலி ஈரம் என்று சொல்ல
யாருக்கும் தோன்றவில்லை.