சான்றுப்பொருள் பதினான்கு

உள்ளங்கை அகலம்.
சாம்பல் நிற அலுமினியம்.
தூக்கினால் ஓர் ஆப்பிளின் கனம்கூட இல்லை.
மூன்று துளைகள் இருக்கவேண்டிய இடத்தில்
மூன்று துளைகள் இல்லை.

அந்த இல்லாத மூன்றைப் பற்றித்தான்
ஸ்போக்கேன் நகரில், நான்காவது மாடியில்,
செவ்வாயிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

துப்பாக்கி என்கிறது அரசு.
ஆகவே எண் பொறிக்க வேண்டும்,
வாங்குபவன் யாரென்று விசாரித்த பிறகே விற்க வேண்டும்.
உலோகம் என்கிறார் ஹாலரன், கம்பெனி வக்கீல்.
"கனம் நீதிபதி அவர்களே, என் கட்சிக்காரர்
மேசைக் காகிதம் பறக்காமலிருக்க
இதைத்தான் வைத்திருக்கிறார்."
நீதிபதி ஒகிமுரா சிரிக்கவில்லை.
"முடிக்க எவ்வளவு நேரமாகும்?" என்று மட்டும் கேட்டார்.
இருபத்தொரு நிமிடம் என்றது அரசுத் தரப்பு.
கை பழகாதவனுக்கு ஒரு சனி ஞாயிறு என்றார் ஹாலரன்.
இடையில் எங்கோ சட்டம் ஒரு கோடு கிழிக்கவேண்டும்.
சாக்பீஸ் கொண்டுவந்தவர் யாருமில்லை.

டார்லா விக்ஸ்ட்ரம் அதுவரை காத்திருக்க முடியாது.
சான்றறைப் பொறுப்பாளர்.
ஐந்து மணிக்குப் பூட்டியாக வேண்டும்.
துப்பாக்கி என்றால் இரும்புப் பெட்டகம், இரண்டு கையெழுத்து.
உலோகம் என்றால் தகர அலமாரி,
போன மாதம் வந்த டிராக்டர் பம்புக்குப் பக்கத்தில்.
படிவத்தில் 'வகை' என்று ஒரு கட்டம்.
பேனாவை இரண்டு முறை மூடித் திறந்து
'பொருள்' என்று எழுதினாள்.
எழுதிவிட்டுப் பெட்டகத்தில் வைத்தாள்.

என் மொழியில் இதற்கொரு வசதி உண்டு.
சுடுகருவி.
சுட்டதா, சுடுகிறதா, இனிமேல்தானா,
சொல் காட்டிக்கொடுக்காது.
மூன்று காலத்தையும் விழுங்கிவிட்டு
ஊறுகாய் மாதிரி உட்கார்ந்திருக்கும்.
ஹாலரன் கையில் இந்த இலக்கணம் கிடைத்திருந்தால்
இன்னும் இரண்டு நாள் பேசியிருப்பார்.

பெட்டகத்தில் வேறொரு வழக்கின் பை இருந்தது.
முழுசாக முடிந்தது.
அது துப்பாக்கியா என்று எவரும் வாதாடவில்லை.
யகிமாவில், ஒரு கார் நிறுத்தத்தில்,
அதுவே நிரூபித்துவிட்டது.
வரிசை எண்: இல்லை.
பின்விளிம்பில் வார்ப்பின்போது விழுந்த ஒரு தழும்பு,
எறும்பின் கால் அளவு.
டார்லா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
பதினான்கைத் திருப்பினாள்.
அதே இடம். அதே கால்.
ஒரே அச்சில் பிறந்தவை.

அவளிடம் யாரும் கேட்கவில்லை.
கேட்காததைச் சொல்லாமலிருப்பதால்தான்
பதினெட்டு ஆண்டுகளாக அந்த வேலையில் இருக்கிறாள்.
அன்றிரவு உருளைக்கிழங்கில் உப்பில்லை.
தின்று முடிக்கும்வரை தெரியவில்லை.

தீர்ப்பு வந்தது, அறுபத்திரண்டு பக்கம்.
விதி செல்லாது,
மேல்முறையீடு முடியும்வரை செல்லும்.
வாசற்படியில் நின்று இரு தரப்பும் வெற்றி என்றார்கள்.
யகிமாவிலிருந்து வந்து, மலிவு விடுதியில் தங்கி,
தினமும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்த மனிதர்
கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.
அவர் பக்கம் மைக் போகவில்லை.

சான்றுகள் சியாட்டிலுக்குப் போகவேண்டும்.
கூரியர் பையன் படிவத்தை நீட்டினான்.
"உள்ளே துப்பாக்கி உண்டா?
ஆம், இல்லை, ஒன்றை டிக் பண்ணுங்க மேடம்."
அறுபத்திரண்டு பக்கத்துக்குப் பிடிபடாததை
இரண்டு கட்டத்தில் கேட்டான்.
இன்னும் ஒன்பது முகவரி பாக்கி அவனுக்கு,
கடிகாரத்தைப் பார்த்தான்.
"நானே எடுத்துப் போகிறேன்" என்றாள்.

மறுநாள் விடியுமுன் பெட்டியைத் தன் காரின்
முன்சீட்டில் வைத்தாள்.
காகிதக் கட்டுகளோடு முப்பது கிலோ.
கணவாயில் பனி விழுகிறது என்றது வானொலி.
சாவியைத் திருப்பியதும் கார் கூவத் தொடங்கியது:
பக்கத்தில் ஓர் ஆள், பெல்ட் போடவில்லை.
அணைத்தாள். மறுபடி திருப்பினாள்.
மறுபடி கூவியது.
குனிந்து, பட்டையை இழுத்து,
பெட்டியைச் சுற்றி, டக்கென்று மாட்டினாள்.