அரைப்பேர்

ஹட்டனில் பார்மசிக்கு மேலே என் அறை.
தகரத்தில் மழை இறங்கினால் போன் பேச முடியாது.
நல்லதுதான்.

நான் எழுதியது நானூற்றுப் பன்னிரண்டு வரி.
திகதியைத் திகதியாக வைத்திருக்கும், அவ்வளவே.
யாரும் எடுக்கலாம் என்றேன். எடுத்தார்கள்:
நோர்வேயில் ஒரு வங்கி, கொழும்பில் இரண்டு,
பிறகு, சிரிக்காதீர்கள்,
எங்கள் தோட்டத்துச் செக்ரோல்.

பெப்ரவரி இருபத்தொன்பதை அது அறியவில்லை.
அன்று கொழுந்தெடுத்த ஒருவருக்கும் பேர் விழவில்லை.
அந்தியில் அக்கா சலேத்மேரி போனில்:
"என் நாளை விழுங்கியது உன் பெட்டியா?"
நள்ளிரவுக்குள் திருத்தினேன்.
எனக்கு யாரும் பேர் போடவில்லை,
அரைப்பேர்கூட.

நன்கொடைப் பொத்தான் வைத்து மூன்று வருடம்.
நாற்பத்தொரு டொலர்.
அறக்கட்டளையின் படிவம் பதினொரு பக்கம்,
கிடைத்தால் பத்து வீதம் அவர்களுக்கு.

அக்காவின் சம்பளத் துண்டைப் பார்த்தேன்.
சங்கச் சந்தா, மரண உதவி, கோயில் திருவிழா.
வேதக்காரிக்கு எதற்குக் கோயில் கழிவு?
"தேருக்குப் போட்ட ரோட்டில்தானே
நானும் நடக்கிறேன்."

அதை அப்படியே எழுதி மூன்று வங்கிக்கும் அனுப்பினேன்.
கொழும்பு வாய் திறக்கவில்லை.
நோர்வே கேட்டது: இன்வொய்ஸ் எங்கே?
கொடை கொடுக்கத் தெரியாது அவர்களுக்கு,
பில் வந்தால் காசு கட்டத் தெரியும்.

குந்தியிருந்து நிரப்பினேன்.
வேலை: காணாமல்போன நாளொன்றைக் கண்டுபிடித்தது.
கூலி: ஒரு பேர்
(அழித்துவிட்டு, கூச்சத்தோடு, எட்டு மணித்தியாலம்).
வேலை செய்த திகதி: பெப்ரவரி இருபத்தொன்பது.

அப்படியொரு திகதி இல்லை
என்றது வங்கியின் படிவம்,
சிவப்பில்.

என் பழைய வரிகள்.
அங்கே இன்னும் ஓடுகின்றன,
திருத்தாமல், இலவசமாய்.