முப்பத்தாறாவது சுற்று

உடைந்த பாலத்தடியில் ஒரு லிட்டர் தண்ணீர்.
கையுறை மாற்றி இன்னொரு லிட்டர்.
பிறகு இன்னொன்று.
"மீன உட்டுட்டு தண்ணிய இப்டி
பொத்திப் பொத்தி எடுத்துனு போறீங்களே"
என்கிறார் தேசிங்கு.

நான்காவது பாட்டிலில் இருப்பது அடையாறில்லை.
ஆய்வகத்திலிருந்தே கொண்டுவந்த சுத்த நீர்.
திறந்து, இந்தக் காற்றைக் காட்டி, மூடுவேன்.
எங்கள்மேல் எங்களுக்கே உள்ள சந்தேகத்துக்கு
ஒரு பாட்டில்.

எண்ணூரில் அது வந்து ஒட்டியபோது
யாரும் தேடிக்கொண்டிருக்கவில்லை.
காக்கா ஆழி. நகத்தளவு கறுப்பு.
சேற்றின்மேல் கம்பளிபோலப் படர்ந்து
இறால் புதையும் இடமெல்லாம் மூடி
தடவிப் பிடிப்பவர்களின் விரலை அறுத்த பிறகுதான்
அதற்கு நம் ஊரில் பெயரே வந்தது.

இங்கே இன்னும் வரவில்லை என்கிறார்கள்.
நான் தேடுவது அது உதிர்த்ததை:
கழிவு, சளி, கருவோடு சிந்திய நீர்.
வடிதாளில் தங்குவதோ பெரும்பாலும் நகரம்தான்.
கோழி, எருமை, காலிஃபிளவர்,
மனிதர்கள் ஏராளமாக.
அந்த வெள்ளை வட்டம்
டீ வடிகட்டிபோலப் பழுப்பேறும்.
அதற்குள் ஒரே ஒரு சொல்லைக் கேட்கிறேன்.
இருந்தால் இரட்டி.
இரட்டித்ததை இரட்டி.
நாற்பது சுற்று.

தரமணியில் இரவு ஏழே முக்கால். ஏசி சொட்டுகிறது.
இரண்டு கோடுகள் தரையோடு கிடந்தன.
மூன்றாவது
முப்பத்தாறாவது சுற்றில்
தலையைத் தூக்கியது.

சுத்த நீர் சும்மா கிடந்தது.
அப்படியென்றால் என் கை சுத்தம்.
அதில் நிம்மதி என்று சொல்ல முடியாது.

"ஓடு எங்கம்மா? ஒரு ஓட்டையாவது காட்டு"
என்றார் மேலதிகாரி போனில்.
ஓடு இருந்தால் நான் எதற்கு சார்
என்று கேட்டேன், போனை வைத்த பிறகு.

மறுநாள் பன்னிரண்டு பாட்டிலோடு போனேன்.
மணலில் படகைச் சாய்த்துப் போட்டு
அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார் தேசிங்கு.
புதுசா?
"பழசுதான். எண்ணூர்ல மச்சான் வித்துட்டான்.
அங்க இன்னாத்த புடிக்கறது இனிமே.
கார்த்திகைல குட்டியானைல ஏத்தினு வந்தேன்.
பாதி வெலதான்."

பாசி விழுந்தது. கொட்டலசு விழுந்தது.
கறுப்பாக எதுவும் விழவில்லை.
இன்ஜினின் தண்ணீர்க் குழாய்க்குள்
வெயில் எட்டாத ஒரு விரற்கடை.

படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது:
வந்த வழி.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு
என் பாட்டில்களை வாங்கி
முட்டை அடுக்குவதுபோல் நிழலில் அடுக்கினார்.
"மொதல்ல எங்க எடுக்கணும், சொல்லு மேடம்.
பாலத்தாண்டயா, முகத்துவாரத்தாண்டயா?"

பஞ்சுக் குச்சியின் உறையைக்
கிழித்துவிட்டிருந்தேன்.