கூடப் போகிற வேலை

படங்களைப் பார்ப்பதல்ல என் வேலை.
படங்கள் இருக்கும் அறைக்குள்
ஏணியோடு வருகிறவர்களைப் பார்ப்பது.
ஏசி மெக்கானிக், கரையான் மருந்துக்காரர்,
நீலம்பூரில் எட்டுப் பேராய் ஓர் அறையில் தங்கி
விளக்கு மாட்ட வரும் பீகார்ப் பையன்கள்.
யார் வந்தாலும் மூன்றடி பின்னால்
நான் நடக்க வேண்டும்.
அட்டையில் எஸ்கார்ட் என்று போட்டிருக்கிறது.
என் மகளின் பள்ளிப் படிவத்தில்
'கூடப் போகிற வேலை' என்று எழுதி
அடித்துவிட்டு
'தனியார்' என்று எழுதினேன்.

சிங்காநல்லூரில் ஸ்பின்னிங் ஓடிய ஷெட் இது.
அன்றைக்கும் ஈரப்பதம் ஐம்பத்தைந்து,
நூல் அறாமலிருக்க.
இன்றைக்கும் ஐம்பத்தைந்து,
கேன்வாஸ் வெடிக்காமலிருக்க.
மூட்டுக்கு மட்டும்
இரண்டும் ஒன்றுதான்.

வாசலில் நோட்டு.
ஸ்குரூடிரைவர் மூன்று, உள்ளே.
ஸ்குரூடிரைவர் மூன்று, வெளியே.
ஒன்று குறைந்தால்
ஆள் வீட்டுக்குப் போக முடியாது.
நானும்தான்.

மூன்றாவது ஹாலில் சுவர் ஓதம் காத்தபோது
ஒண்டிப்புதூர் சென்னியப்பன் வந்தார்.
பத்தடி உயரப் படத்தை இறக்கி
மரக்கட்டைமேல் சாய்த்திருந்தார்கள்.
முழுக்க வெள்ளை.
வெள்ளையைத் தவிர வேறொன்றுமில்லை.

"ஏனுங் மேடம், இதுக்கு எத்தன கோட்டு
அடிச்சிருப்பாங்?"
தெரியாதுங்க என்றேன்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
(நான் சொல்லிக் கொடுத்தபடியே)
வெளிச்சம் விழும் பக்கமாய்த் தலையைச் சாய்த்து
வெகுநேரம் நின்றார்.
"நாலுங். மூணாவது காயறதுக்குள்ள
நாலாவத இழுத்துப்போட்டாரு. அவசரக்காரரு.
எடதுகைக்காரருங்."

பக்கத்துப் பலகையில்
பெயர், ஆண்டு, எண்ணெய் வண்ணம், கேன்வாஸ்.
எந்தக் கை என்று இல்லை.

கடைசி நாள்
படத்தை மாட்டுவதற்கு முன்,
காதில் செருகியிருந்த துண்டுப் பென்சிலால்
தானே பூசிய புதுச் சுவரில் எழுதினார்:
நாலு தொள்ளாயிரத்தைம்பது, மூவாயிரத்து எண்ணூறு.
அட்வான்ஸ் ஆயிரத்தைந்நூறு போக
பாக்கி இரண்டாயிரத்து முந்நூறு.
அடியில் இரண்டு கோடு.
"படம் வந்தா மறஞ்சிருமுங்" என்று சிரித்தார்.
தடுத்திருக்க வேண்டும்.
நோட்டிலாவது எழுதியிருக்க வேண்டும்.
கையுறை போட்ட ஆறு பேர் வந்து
ரசமட்டம் வைத்துப் பார்த்து
கணக்கின்மேல் வெள்ளையை மாட்டினார்கள்.

இது மௌனம் என்று
கல்லூரிப் பிள்ளைகளுக்கு விளக்குகிறார் கைடு.
இடது கீழ் மூலையிலிருந்து
நாலு விரற்கடை உள்ளே
நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆடி பிறந்து போன் வந்தது.
"மேஸ்திரி மூணே நாளுங்கறாருங்.
செவுத்துல போட்டது நாவகமிருக்குங்ளா?"

அந்தப் படத்தை ஓர் அங்குலம் நகர்த்த
மூன்று கையெழுத்து வேண்டும்.
அதில் ஒன்று மும்பையில் இருக்கிறது.
நோட்டைப் படமெடுக்கக் கூடாது,
வெளியே கொண்டுபோகக் கூடாது.
வாசிக்கக் கூடாது என்று
எந்த விதியிலும் இல்லை.

டீ நேரத்தில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு
செக்யூரிட்டி ஆபீசர் காதிலும் விழும்படியாகவே
வாசித்தேன்.

ஒன்பதாம் தேதி. எட்டு இருபதுக்கு உள்ளே.
பிரஷ் மூன்று, ரோலர் ஒன்று, பட்டித் தகடு இரண்டு.
ஆறு ஐந்துக்கு வெளியே. அதே சாமான்.
பத்தாம் தேதி, எட்டு பத்து.
"மெல்லச் சொல்லுங், எழுதிக்கறனுங்."
பதினொன்று. ரோலர் இல்லை, உப்புத்தாள் நாலு.
பன்னிரண்டு, எட்டு நாற்பது, லேட்.
பிரஷ் மூன்று உள்ளே,
பிரஷ் மூன்று வெளியே.
பென்சில்

பென்சிலை நான் கணக்கில் எடுக்கவேயில்லை.