பதிமூன்று சிப்ஸ்

ஒரு பங்கு இருபத்தெட்டு கிராம்,
அதாவது ஏறக்குறைய பதிமூன்று சிப்ஸ்
என்று போட்டிருக்கிறது.
எண்ணிப் பார்த்தவன் எவனோ,
நல்ல வேளை, எங்கள் அறையில் இல்லை.

ஷுவைக் கிடங்கில் எனக்கு ஒட்டுகிற வேலை.
கப்பலில் வந்திறங்கும் பாக்கெட்டின் முதுகில்
பழைய எழுத்தை மூடி
அரபு ஸ்டிக்கர்.
கலோரி நூற்றைம்பது. கொழுப்பு எட்டு.
புரதம் இரண்டு, பேருக்கு.
அரபி படிக்க வராது எனக்கு, எண்கள் வரும்:
அவர்களுடைய ஐந்து நம் பூஜ்யம் மாதிரி,
ஆறு ஏழு மாதிரி,
பூஜ்யம் வெறும் புள்ளி.

நாக்கைச் சுண்ட அறுநூற்று இருபத்தொன்று,
செம்மஞ்சளுக்கு நூற்றுப் பத்து.
பெயர் போய் எண் வந்ததில்
எனக்கொன்றும் ஆச்சரியமில்லை.
என் பதாக்காவில் பன்னிரண்டு இலக்கம்.

பெட்டி நசுங்கினால் டேமேஜ்.
டேமேஜ் எங்களுக்கு.
மஹ்பூலா அறையில் ஏழு பேர்.
பாக்கெட்டில் ஆறு பங்கு;
ஏழாவது ஆள் என்ன செய்வான் என்று
ஸ்டிக்கரில் இடமில்லை.
மாசக் கடைசியில் குப்பூஸைப் பிளந்து
சிப்ஸை நொறுக்கி உள்ளே வைத்து மடித்தால்
அதுதான் ராத்திரிச் சாப்பாடு.
கடிக்கும்போது சத்தம் வரும்.
சத்தம் வருகிற சாப்பாடு
கொஞ்சம் பணக்காரச் சாப்பாடு.

சூசை அண்ணனுக்குப் பிரஷர்.
ஜிலீப் கிளினிக்கில் மலையாளி டாக்டர்
உப்பைக் குறை என்று மூன்று தடவை சொன்னாராம்,
மூன்றாவது தடவை தமிழில்.
அண்ணன் சாரம் கட்டுகிறவர்.
ஆகஸ்ட் மாசம் சட்டையைக் கழற்றிப் போட்டால்
முதுகுப் பக்கம் வெள்ளை வெள்ளையாகக் கோடு.
"இவ்ளோ உப்பு வெளிய போகுதே,
அத எவன் கணக்குல எழுதுறான்?"
பாக்கெட்டை என்னிடம் நீட்டினார்.
ஒட்டுறவன் நீதான, நீயே சொல்லு.
சோடியம் நூற்றிருபது என்றேன்.
பதிமூணுக்கு நூத்தியிருபதுதானே என்று
இருபத்தாறு தின்றார்.

புதன்கிழமை பலதியாவிலிருந்து வந்தார்கள்.
ஓர் அதிகாரி, ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு சிவப்புப் பேனா.
அச்சகத்தில் ஒன்றும் இரண்டும் இடம் மாறியிருக்கிறது.
இருநூற்றுப் பத்து.
முந்நூறு பெட்டி.
பழையதை உரி, புதியதை ஒட்டு.
நகக்கண் எரிய எரிய மூன்று ராத்திரி
நானும் தில்பகதூரும்
விட்டுப்போன தொண்ணூறு மில்லிகிராமைப்
பாக்கெட் பாக்கெட்டாகத் திருப்பிக் கொடுத்தோம்.
உள்ளே உப்பு
முன்பு இருந்த மாதிரியே இருந்தது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
நினைக்கலாம்.
ஸ்டிக்கரின் அடியில் இருக்கிறார்:
இறக்குமதியாளர், அஞ்சல் பெட்டி,
எடுக்காத ஒரு தொலைபேசி.

அறைக்கு வந்து சொன்னேன்.
திட்டுவார் என்று பார்த்தேன்.
விரல் மடக்கினார்.
"அப்ப நான் தின்னது நானூத்தி இருவது."
எழுந்துபோய் வடிகட்டியை எடுத்தார்.
குழாயைத் திறந்தார்,
ஆகஸ்டில் எதைத் திறந்தாலும் வெந்நீர்தான்,
சிப்ஸைக் கழுவினார்
அரிசி களைகிற மாதிரி,
ரெண்டு தண்ணி, மூணு தண்ணி.
செம்மஞ்சள் சுழன்று சுழன்று ஓட்டைக்குள் போனது.
வெளுத்த முக்கோணங்கள்
கையில் தொய்ந்து கிடந்தன.

ஒன்றை வாயில் போட்டு
வெகுநேரம் மென்றார்.
"சோளம்" என்றார்,
வேறு பேரில் வேலை பார்க்கும் ஒருவனை
அடையாளம் கண்டுகொண்ட மாதிரி.

ஆளுக்கொன்று எடுத்துப் பார்த்தோம்.
சகிக்கவில்லை.
நைனார் அடுத்த பாக்கெட்டைப் பல்லால் கிழித்தான்.
வாசனை ஏழு பேரையும் எழுப்பி உட்காரவைத்தது.
சூசை அண்ணன் கை நீண்டு,
பாக்கெட்டின் வாயருகே நின்று,
ஒண்ணு
என்றது.