ஆறரை மில்லிமீட்டர்

சி.டி. பெட்டியின் முதுகு ஆறரை மில்லிமீட்டர்.
அதில்தான் எல்லாருக்கும் இடம் வேண்டும்.

கிருஷ்ணகிரி ஐந்து ரோட்டில், டயர் கடை மாடியில்
எனக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர்,
லாரி திரும்பும்போதெல்லாம் நடுங்கும் ஒரு மேசை.
காவேரிப்பட்டணத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள்.
பணம் போட்ட மாங்கூழ் ஏஜென்ட் குப்புராஜ் ஆறாவது;
நாற்காலி அவருக்கு.

முகப்பின் சட்டம் எனக்கு மனப்பாடம்.
நடுவில் அம்மன்.
அவளுக்குப் பின்னால் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு வழியும் வெளிச்சம்.
வலது மேல் மூலையில், முட்டைக்குள், பணம் போட்டவர்.
பாடியவர்கள் கீழே, இடுப்பு வரைக்கும்.
எங்கள் தொழிலில் எந்தப் பாடகனுக்கும் கால் கிடையாது.
பின்னட்டையில் எட்டுப் பாட்டு, ஐந்து பெயர், ஒரு விலை,
யாரும் படிக்காத ஓர் எச்சரிக்கை.

முதுகுக்குத்தான் சட்டமில்லை.
தலைப்பைப் படுக்கப் போட்டுக் காட்டினேன்.
"படுத்த எழுத்து, படுத்த வியாபாரம்.
நிமுத்துப்பா" என்றார் குப்புராஜ்.
'கோட்டை மாரி'யை நிமிர்த்தினேன்.
பழைய ஃபாண்ட்.
கொம்பு ஒரு மாடியில், க அடுத்த மாடியில்,
கால் அதற்கும் கீழே குடக்கூலிக்கு.
புள்ளி தனியாக, பல்லி எச்சம் மாதிரி.
"இப்பதான் கம்பீரமா இருக்கு" என்றார்.
சேவ் செய்தேன்.

பின்னட்டை அச்சாகி ஆயிரம் வந்து இறங்கிய அன்று
திருவிழாக் கூலியில் தகராறு.
பம்பை திம்மராயனை எடுத்துவிடு என்று போன்.
பெயருக்கு மேலே ஒட்ட ஆயிரம் ஸ்டிக்கர்,
ஒன்று நாற்பது பைசா.
அச்சுச் சிவப்பும் ஸ்டிக்கர் சிவப்பும்
இதுவரை ஒத்துப்போனதாகச் சரித்திரமில்லை.
முகப்புப் படம் இன்னும் போகவில்லை.
ஓரத்தில்தான் நின்றிருந்தான், வெட்டினேன்.
முழங்கை மட்டும் வரவில்லை.
அடித்த வேகத்தில் அது
பாடுகிறவர் வயிற்றுக்கு முன்னால் வந்திருந்தது.
அதை எடுத்தால் வயிறும் போகும்,
வயிறு குப்புராஜின் மச்சானுடையது.
விட்டுவிட்டேன்.

மழைக்காலத்தில் ஒரு மதியம் அவனே படியேறி வந்தான்.
"அப்ரோஸ் பாய், ஒண்ணு குடுங்க."
நின்றபடியே பின்னட்டையை வெளியே எடுத்து
சுண்டுவிரல் நகத்தால் ஸ்டிக்கரைக் கிளப்பினான்.
கீழே பெயர் இருக்கும் என்று நினைத்திருப்பான்.
வெறும் வெள்ளை.
மசியெல்லாம் பசையோடு போயிருந்தது:
ஸ்டிக்கரின் உள்பக்கத்தில் திம்மராயன்,
கண்ணாடியில் பார்த்தாற்போல், வலமிருந்து இடமாக.
வீட்டில் உருது படிக்கிற கண், எனக்குச் சிரமமில்லை.
வாசித்துக் காட்டினேன்.

சிரிக்கவில்லை.
முகப்பைத் திருப்பி
அந்த வயிற்றுக்கு முன்னால் இருந்ததைப் பார்த்தான்,
சட்டையை மடித்துத் தன் கையைப் பக்கத்தில் வைத்தான்.
அதே தழும்பு.
"இதுக்கு எவ்ளோ தரணும் அவங்க?"
எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை.
நாற்பது ரூபாயை மவுசுக்கு அடியில் வைத்துவிட்டு
ஸ்டிக்கரைப் போன் முதுகில் ஒட்டிக்கொண்டு இறங்கினான்.
ஒட்டியபின் வெளியே தெரிந்தது சிவப்பு மட்டும்.

விற்காத பிரதிகள் என் அலமாரியில்தான் நிற்கின்றன.
நேற்று கரன்ட் பில் கட்ட வந்த பையன்
தலையை வலப்பக்கம் சாய்த்தான், இடப்பக்கம் சாய்த்தான்,
பிறகு நேராக நின்று,
"இது என்ன பாய், இங்கிலீஷா?" என்றான்.