சனிக்கிழமைக்குள்

ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க,
சனிக்கிழமை ஒண்ணைத் திருப்பிக் குடுங்க என்றார்
நீடாமங்கலம் கடைத்தெருவில் நத்தர்ஷா.
பில் போடவில்லை.
காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கொண்டார்:
நெல் கொள்முதல், கிளார்க்கம்மா, மடக்குக் கத்தி ரெண்டு.

ஒன்று மரப்பிடி.
அலகைத் திறக்க, நகம் நுழையும் அளவு ஒரு பள்ளம்.
துடைக்காமல் வைத்தால் துருப்பிடிக்கும் என்று
விற்கிறவர் சொல்லக் கூடாததை அவரே சொன்னார்.
மற்றது கறுப்பு. துருவேறாத எஃகு.
கட்டைவிரலால் ஒரு தள்ளு,
டக்.
பூட்டிக்கொள்ளும்.
இருபது ரூபாய்தான் வித்தியாசம்,
அதனால் விலையும் எனக்கு உதவவில்லை.

ஈரம் பார்க்க மூட்டையைத் திறக்க வேண்டும்.
பிளேடு என் விரலை இரண்டு முறை பார்த்துவிட்டது.
அதற்குத்தான் கத்தி.

சுடிதாரில் தையல்காரர் வைத்தது ஒரே ஒரு பை,
அதுவும் சண்டை போட்டு வாங்கியது.
எனவே ஒரு நாள் இது, மறுநாள் அது.
கடைமடைக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி
முறை வைத்தேன்.

திங்கள், மரப்பிடி.
சணல்மேல் வைத்ததும் சணல் தானே விலகியது.
மத்தியானம் கொய்யாவை நாலாக்கினேன்.
மாலைக்குள் அலகில் நீலம் படர்ந்திருந்தது.
கத்திக்குக் காமாலை வந்துருச்சு என்றார் வேம்பையன்,
முதுகில் நாற்பது கிலோவோடு.

செவ்வாய், கறுப்பு.
அறுபது மூட்டை வரை அறுத்தது,
பிறகு இழுத்தது.
டக் சத்தத்துக்கு லாரி டிரைவர்
ஓர் எட்டு பின்னால் போய்ச் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
அவர் ஏன் சிரித்தார் என்று தெரியும்.
நான் ஏன் சிரித்தேன் என்பதை
வீடு வரை யோசித்துக்கொண்டு போனேன்.

புதன் சாயங்காலம் மூட்டம் போட்டது,
தை மாதத்தில், யாரும் கேட்காத மழை.
தார்ப்பாய்க் கயிறு சக்கரத்தடியில் சிக்கிக்கொண்டது.
ஒரு கையில் பாய், ஒரு கையில் மரப்பிடி, மடங்கியபடி.
திறக்க இன்னொரு கை வேண்டும்.
பல்லால் திறந்தேன்.
வாயில் இரும்பும் நேற்று முந்தைய கொய்யாவும்.
நனைந்தது பூவனூர்க்காரரின் ஏழு மூட்டை.
பதினேழுக்குள் இருந்த ஈரம் இருபதுக்குப் போனது.
அவர் என்னைத் திட்டவில்லை,
மேகத்தைப் பார்த்துத் திட்டினார்,
நான் மேகத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

வியாழன் இரண்டையும் வீட்டிலேயே மறந்தேன்.
அன்றுதான் எல்லாரும் கத்தி கேட்டார்கள்.

பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கும்மா கத்தி,
கேட்டவர் மேற்பார்வையாளர்.
மூட்டைக்கு சார் என்றேன்.
உண்மை.
கடைசி லாரி கிளம்ப எட்டரை ஆகும்,
கோரையாற்றுக் கரையில் ஒன்றரை கிலோமீட்டர்,
இரண்டு விளக்கு, ஒன்று எரியாது.
அதுவும் உண்மை,
அதை அவர் கேட்கவில்லை.

மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது.
ஆறுதான் வழியைத் தேர்ந்தெடுக்கிறது என்று
பள்ளிக்கூட நாளிலிருந்து நினைத்திருந்தேன்.
வெள்ளிக்கிழமை பஸ் நின்றபோது பார்த்தேன்:
ஷட்டர் திருகுகிறவர் டீ குடிக்கப் போயிருந்தார்.
தண்ணீர் காத்துக்கொண்டிருந்தது.

அன்று மதியம் சாக்கு மடிப்பில் மாட்டி
கட்டைவிரல் நகம் பாதியோடு போனது.
மரப்பிடியின் பள்ளம் நகம் கேட்டது.
என்னிடம் இல்லை.

எதும்மா, என்றார் நத்தர்ஷா.
கறுப்பு.
ஏன்?
துணி சுற்றிய விரலைக் காட்டினேன்.
மற்றதைச் சொல்லவில்லை,
அவரும் கேட்காமல் பணத்தை எண்ணினார்.
மரப்பிடியைத் திறந்து நீலத்தைப் பார்த்தார்.
இதைப் புதுசுன்னு விக்க முடியாது.
நகம் வளரட்டும், பாதி விலைக்கு வாங்க.
துடைத்து எண்ணெய் தடவி
பூட்டுகளுக்கு நடுவே வைத்தார்.

இரவு கரையில், எரியாத விளக்குக்கு அடியில்,
எதிரே ஒருவரும் இல்லாதபோது
ஒருமுறை திறந்தேன்.
டக்.
சில்வண்டுகள் நிறுத்தின.
மடக்கினேன்.
கொஞ்சம் பொறுத்து,
ஒவ்வொன்றாக, மறுபடி தொடங்கின.